கடதாசியிலே ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்திலே ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் தமது பெயரை அச்சிற் காணாதவராய் இருந்துவிடலாம். தோட்டமும் துரவும், மாடும் கன்றும், வீடும் கோயிலும் என்று எழுபது ஆண்டுகளைக் கழித்தவரைப் பற்றி உலகம் ஒரு வரியேனும் எழுதியிராது. ஆயினும், அவர் இறந்த முப்பத்தோராம் நாள், அவரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்ட ஒரு நூல் வெளிவந்துவிடும். அதனை ஆக்கியவர் யாரென்று பெரும்பாலும் அதில் இராது. விலையும் இராது. அந்தியேட்டிக்கு வந்தவர்கள் உண்டு முடித்துப் புறப்படும்போது, வாயிலில் நிற்கும் ஒரு பிள்ளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடும். நூல் வெளியீட்டு விழா என்று வேறொன்றும் வேண்டியதில்லை. எழுத்தாளர் பலர் தம் நூல்களைக் கட்டுக்கட்டாக வீட்டிலே அடுக்கி வைத்திருக்கும் இந்நாட்டிலே, அச்சிட்ட படிகள் அனைத்தும் ஒரே நாளிற் செலவாகும் நூல் இது ஒன்றே எனலாம்.

இந்த நூலுக்குக் கல்வெட்டு என்று பெயர். இன்று நினைவுமலர் என்றும் ஞாபகார்த்த மலர் என்றும் பெயரிட்டு, வழுவழுப்பான தாளில் வண்ணப் படங்களோடு அச்சிடுகிறார்கள். முதியோர் வாயில் அது இன்னுங் கல்வெட்டுத்தான். கடதாசியில் அச்சிட்டதொன்றைக் கல்வெட்டு என வழங்குவதை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு. பண்டைத் தமிழர் போரிலே வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டார்கள். தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக, நட்டு முடித்து வாழ்த்துவது ஈறாக, அதன் படிமுறைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துக் கூறுகிறது. அந்தக் கல்லுக்கும் இந்தக் கடதாசிக்கும் உள்ள உறவை ஆராய்வது என் நோக்கமன்று. ஒன்று மட்டும் சொல்லலாம். கல்லிலே இடம் குறைவு, வெட்டுவதும் கடினம். ஆகவே வீரன் பெயரும், அவன் ஆநிரை மீட்டு மாண்டான் என்பது போன்ற ஒரு செயலும் பொறித்தால் அமையும். கடதாசியிலோ இடம் தாராளம். இடம் பெருகியபோது செயல் சுருங்கிப் புகழ் விரிந்துவிட்டது.

இதன் அமைப்பை ஈழத்துத் தமிழர் அறிவர். முகப்பிலே படம், உள்ளே விநாயகர் வணக்கம், பின்னர் திதி வெண்பா, அதன்பின் இறந்தவரின் வரலாறு, தொடர்ந்து மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், ஓதுவதற்குச் சில திருமுறைப் பாடல்கள், கடைசியில் வம்சாவளியும் நன்றி நவிலலும். புலம்பல்கள் யாவும் ஊர்ப்புலவர் ஒருவர் ஓரிரவில் இருந்து பாடியவையாகவே இருக்கும். மூன்று வயதுப் பேத்தியும் எதுகை மோனை பிசகாமல் விருத்தத்திலேதான் அழுவாள். இதனைக் கண்டு நகைப்பவர் உளர். நான் நகைப்பதில்லை. முன்னாளிலே பிணத்தைச் சூழ இருந்து ஒப்பாரி சொன்ன பெண்களும் வழிவழி வந்த சொற்களையே சொல்லி அழுதார்கள். அதனால் அவர்கள் கண்ணீர் பொய்யாகிவிடவில்லை. புதிதாய் வந்த துயரத்துக்குப் பழைய சொல்லே கைகொடுக்கிறது.

திதி வெண்பாவைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகிய யாவற்றையும் இறந்தவர் பெயரோடு நான்கு அடிக்குள் அடக்கவேண்டும். ஆங்கிலத் திகதி கந்தோர் அலுவலுக்கு உதவும். ஆண்டுதோறும் திவசஞ் செய்வதற்குத் திதி வேண்டும். பூர்வபக்கத்தில் 15, அபரபக்கத்தில் 15 ஆகச் சந்திர மாதத்திற்கு 30 திதிகள். ஒரு நாளின் நடுவிலும் திதி மாறுமாதலால், உயிர் பிரிந்த நேரத்தைக் குறித்து வைப்பது வீட்டில் எவரோ ஒருவரின் கடமையாகிறது. அழுகை வெடித்தெழும் அந்த வேளையிலும் ஒருவர் மணிக்கூட்டை நோக்கியிருப்பார். வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று சொல்ல, திருக்கணித பஞ்சாங்கம் மற்றொன்று சொல்லும் நாளாயின், பிள்ளைகளுக்குள் முதற் பிணக்கு அங்கேயே ஆரம்பமாகும். இன்னுமொரு வேடிக்கை உண்டு. ஆண்டின் பெயர்கள் 60. அவை சுற்றிச் சுற்றி வருவன. 1964 ஏப்பிரிலில் பிறந்ததும் குரோதி ஆண்டு. 2024 ஏப்பிரிலில் பிறந்ததும் குரோதி ஆண்டு. பாட்டனும், அவர் பெயரையே தாங்கிய பேரனும் இவ்விரு ஆண்டுகளில் ஒரே மாதத்து ஒரே திதியில் இறந்திருப்பின், வெண்பாவைக் கொண்டு ஒருவரை மற்றவரினின்றும் பிரித்தறிய இயலாது. ஒரு மரணத்தைப் பிழையறக் குறிப்பதற்கு நாம் கண்ட கருவி, அறுபது ஆண்டு கழிந்தபின் அதனை இன்னொன்றோடு கலந்துவிடுகிறது.

வரலாறு என்னும் பகுதியோ அறுபது ஆண்டுவரை காத்திருப்பதில்லை. அது உடனேயே கலந்துவிடுகிறது.

என் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டிலே சேர்ந்து கிடக்கும் கல்வெட்டுகள் அறுபதுக்கு மேலிருக்கும். சென்ற மாரியிலே, மழை ஓயாது பெய்த ஒரு கிழமையில், அவற்றையெல்லாம் எடுத்துத் தூசி தட்டி வரிசையாக வாசித்தேன். வாசித்து முடித்தபோது எங்கள் ஊரைப் பற்றி நான் அதுவரை அறியாத செய்தியொன்று தெரியவந்தது. எங்கள் ஊரிலே உலோபி ஒருவரும் இறந்ததில்லை. முன்கோபி இறந்ததில்லை. கடும் வட்டி வாங்கியவர், எல்லைக் கதியாலை இரவோடிரவாக ஒரு சாண் தள்ளி நட்டவர், கோயிற் கணக்கைக் காட்டாதவர், மருமகளைக் கண்ணீர் சிந்த வைத்த மாமியார் ஆகிய இவர்களுள் ஒருவரேனும் இறந்ததற்குச் சான்று இல்லை. இறந்தவர் யாவரும் சிறு வயதிலேயே கல்வியில் ஆர்வமும் பெரியோரிடத்துப் பணிவும் உடையவர்கள், விருந்தினரை முகமலர்ந்து உபசரித்தவர்கள், எல்லாராலும் நேசிக்கப்பட்டவர்கள். அப்படியாயின், தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறிக் காணி வழக்காடியவர்கள் யார்? பிரக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் மாடி வீடு கட்டியது யாருடைய காசிலே? கூட்டுக் காணியில் ஒரு பங்காளி தன் பங்கை விற்குமுன் மற்றைப் பங்காளிக்கு அறிவித்தல் வேண்டுமென்று, தேசவழமையின் வழியில் 1947 ஆம் ஆண்டிலே தனிச் சட்டமொன்றே இயற்ற நேர்ந்ததே! எல்லாரும் எல்லாராலும் நேசிக்கப்பட்ட ஊர்களுக்கு அத்தகைய சட்டம் எதற்கு?

பெண்களுடைய வரலாறு இன்னுங் குறுகியது. இன்னாரின் மகளாய்ப் பிறந்து, இன்னாரின் மனைவியாய்ப் புகுந்து, இன்னாரின் தாயாய் விளங்கி, என்று மூன்று ஆடவரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பக்கம் நிறைந்துவிடும். பின்னர், கைராசிக்காரி, பொறுமையிற் பூமாதேவி என்னும் இரண்டு தொடர்கள். அவ்வளவோடு அவர் சிவபதம் எய்திவிடுவார்.

இறந்தாரைப் பழித்தலாகாது என்பது உலகெங்கும் பரந்த பழைய வழக்கம். கிரேக்க தேசத்திலே ஸ்பார்ட்டா நகரத்துக் கைலோன் என்னும் அறிஞர் அதனை விதித்தார் என்பர். ஆங்கிலப் பேரறிஞர் சாமுவேல் ஜோன்சனோ, கல்லிற் பொறிக்கும் புகழுரையை ஒருவரும் சத்தியக் கடதாசியாகக் கொள்ளலாகாது என்னும் கருத்துப்படப் பேசியிருக்கிறார். இதற்கு நேர்மாறான வழக்கமொன்றையும் நாம் கேள்விப்படுகிறோம். கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற டயடோரசு என்னும் கிரேக்க ஆசிரியர், அந்நாட்டிலே பிணத்தை அடக்கஞ் செய்யுமுன் 42 நீதிபதிகள் கூடுவர் என்றும், இறந்தவர்மீது எவரும் குற்றஞ் சாட்டலாம் என்றும், குற்றம் உறுதிப்படின் உரிய அடக்கம் மறுக்கப்படும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஊரிலே அந்த வழக்கம் இருந்திருப்பின், ஒவ்வொரு பிணமும் எடுபடுவதற்கு மூன்று மாதமாவது சென்றிருக்கும்.

கல்வெட்டின் புகழுரையை வெறும் பொய்யென்று தள்ளிவிட நான் ஒருப்படேன். ஒரு மாதத்துக்கு முன் ஒருவரை இழந்த வீட்டிலே, ஆறாத புண்ணின்மேல் நின்றுகொண்டு உண்மை பேசுவேன் என்பது வீரமாகாது. மேலும், எல்லாரையும் ஒரே சொல்லாற் புகழ்வதிலே ஒருவகைச் சமத்துவமும் உண்டு. பெரிய உத்தியோகத்தரும் சிறு கடைக்காரரும் அங்கே ஒரே அளவுக்கு நேசிக்கப்பட்டவர்கள். எனினும், கல்வெட்டு அச்சிட வசதியற்ற குடிசைகளின் மனிதர் குறையும் எழுதப்படாமல், நிறையும் எழுதப்படாமல் போனார்கள் என்பதை மறத்தலாகாது.

என்னை உறுத்துவது வேறொன்று. குறையை நீக்கும்போது அதனோடு பின்னிக் கிடந்த குணமும் கூடவே கழன்று விழுந்துவிடுகிறது. இதனை நான் நூல்களிற் கற்கவில்லை. என் பெரியம்மாவின் கல்வெட்டிலே கண்டேன்.

என் தாயாரின் மூத்த சகோதரியாகிய பெரியம்மா 2011 ஆம் ஆண்டில், தமது எண்பத்தெட்டாம் வயதிற் காலமானார். பெரியப்பா கொழும்பிலே எழுதுவினைஞராய் இருந்தவர். விடுமுறைக்கு யாழ்தேவியில் வந்து போவார். தோட்டத்தை நடத்தியவர் பெரியம்மாவே. புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் மாறி மாறிப் பயிராகும் பன்னிரண்டு பரப்புச் செம்மண். கிணறு மட்டும் அவருக்கும் அவருடைய தம்பியாருக்கும், அதாவது என் மாமாவுக்கும், பொது. ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பு என்று உறுதியிலே எழுதியிருந்தது.

குடாநாட்டிலே ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால் அது ஊறிக்கொண்டிருக்கும்; அளவு மிஞ்சினால் உவர் மேலெழும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே, மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. துலாவிலே ஏறி மிதிப்பவரும் பட்டை பிடிப்பவரும் ஒரு நாளில் எவ்வளவு இறைக்கக் கூடுமோ அவ்வளவுதான். ஆகவே நாளைப் பங்கிட்டால் நீரையும் பங்கிட்டதாயிற்று. 1958 இல் மாமா மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் ஒன்று வாங்கினார். ஊரே திரண்டு வந்து பார்த்தது. தம் முறை நாளிலே விடியத் தொடங்கினால் பொழுதுபடும் வரை அது நில்லாது. மறுநாள் பெரியம்மாவின் ஆட்கள் பட்டையை இறக்கினால் கலங்கலும் சேறுமே மேலே வரும். பெரியம்மாவின் புகையிலைக் கன்றுகள் வாடின. "நீ என்ரை நாளையும் சேர்த்து இறைச்சுப் போட்டாய்" என்றார் பெரியம்மா. "நான் என்ரை நாளிலைதானே இறைச்சனான், அக்கா" என்றார் மாமா.

இருவர் சொன்னதும் உண்மை. உறுதியின் விதி அணுவளவும் மாறவில்லை. நீதி மட்டும் அதினின்றும் நழுவிப் போயிருந்தது. பின்னாளிலே வகுப்புகளுக்கிடையிலும் நாடுகளுக்கிடையிலும் எழுந்த பிணக்குகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணறே நினைவுக்கு வரும். ஒருவன் விதியை மீறி மற்றவனுக்குத் தீங்கு செய்தான் என்னும் வழக்கு எளிது. விதிப்படியே ஒழுகி மற்றவன் பயிரைக் கருக வைத்தவன்மீது எந்த நீதவான் எளிதில் தீர்ப்புச் சொல்வார்? தானும் நேர்மையாளன் என்று அவன் மனமார நம்புகிறான். அந்த நம்பிக்கையே பிணக்கை வளர்க்கிறது.

இரு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு பொட்டு இருந்தது. பொட்டென்றால், அயலார் தெருவைச் சுற்றாமற் குனிந்து வந்து போவதற்கு வேலியிலே விட்ட இடைவெளி. இக்காலத்து மதில்களுக்குப் பொட்டு இல்லையாதலால் இளைஞர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். பெரியம்மா அந்தப் பொட்டைப் பனையோலை வைத்து இறுகக் கட்டி அடைத்துவிட்டார். அன்று தொட்டுப் பதினொரு ஆண்டுகள் அக்காவும் தம்பியும் பேசவில்லை.

1961 இல் மாமாவுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. மாமி முதற் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு சென்றிருந்தார். எனக்கு அப்பொழுது ஒன்பது வயது. பெரியம்மா வீட்டிலே தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடியற்புறத்தில் எழுந்து கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, ஒரு செம்பில் வார்த்து, வாழையிலைத் துண்டால் மூடி என்னிடம் தருவார். "கொண்டுபோய் வைச்சிட்டு வா. ஒண்டும் கதையாதை" என்பார். பொட்டைத் திறந்துவிட்டால் இருபதடி தூரம். பெரியம்மா திறக்கவில்லை. நான் செம்போடு ஒழுங்கையாற் சுற்றிப் போனேன். மாமாவும் கஞ்சியை யார் அனுப்பினார் என்று ஒருநாளும் கேட்டிலர். அது அவர்கள் இருவருடைய தாயாரும் ஆண்ட செம்பு. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இரண்டாங் கிழமையிலே, மாமா எழுந்து திண்ணையில் இருக்கத் தொடங்கிய பின், செம்பு வெறுமையாகத் திரும்பவில்லை. ஒருநாள் இரண்டு தேசிக்காய். ஒருநாள் ஒருபிடி முருங்கையிலை. மற்றொருநாள், அந்த மெசினால் இறைத்து வளர்த்த பச்சைமிளகாய். பெரியம்மா அவற்றை வெளியே எடுத்துச் சற்று நேரம் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். அன்றைய கறியிலே அவை சேர்ந்துவிடும். இவ்வாறு மூன்று கிழமை சென்றது. காய்ச்சல் தீர்ந்தது, கஞ்சியும் நின்றது. பேச்சு மட்டும் தொடங்கவில்லை. அதற்கு மேலும் எட்டு ஆண்டுகள் சென்றன. 1969 இலே ஒருநாள் மாலை, வேலிக்கு அப்பால் நின்று மாமா, "அக்கா, கண்டுக்குட்டி இஞ்சாலை வந்ததோ?" என்றார். "கிணத்தடியிலை நிக்குது. பிடிச்சுக்கொண்டு போ" என்றார் பெரியம்மா. சமாதானம் பேச வந்த பெரியோர் பலர் பலமுறை தோற்றுப்போன காரியத்தை ஒரு கன்றுக்குட்டி முடித்து வைத்தது.

பெரியம்மாவின் அந்தியேட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய இளைய மகன், "அண்ணை, அம்மாவை உங்களுக்குத்தான் வடிவாத் தெரியும். நீங்கள்தான் எழுதவேணும்" என்று வரலாற்றை என்னிடம் ஒப்படைத்தான். நான்கு பக்கம் எழுதினேன். கிணறு, மெசின், பொட்டு, செம்பு ஆகிய எல்லாவற்றையும் எழுதினேன். அன்றிரவு அதனை வாசித்துக் காட்டியபோது வீடு இரண்டுபட்டது. "மாமாவின்ரை பிள்ளையள் லண்டனிலை இருக்கினம். வாசிச்சால் என்ன நினைப்பினம்? செத்தவீட்டிலை பழைய சண்டையைக் கிண்டவேணுமோ, அண்ணை?" என்றான் தம்பி. அவனுடைய அக்கா, "எழுதினது உண்மைதானே" என்று மட்டும் கூறி அடுப்படிக்குச் சென்றுவிட்டார். தம்பி பின்னுஞ் சொன்ன நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வாய்ப்பேச்சிலே கிடந்த சண்டை பேசியவர்களோடு மாய்ந்துவிடும். அச்சேறிய சண்டை, கிணற்றையே காணாத பேரப்பிள்ளைகளுக்கு முதுசமாகப் போய்ச் சேரும். ரொறன்ரோவிலே பிறந்த பிள்ளை லண்டனிலே பிறந்த தன் உறவுப் பிள்ளையை எதற்காகச் சந்தேகக் கண்ணோடு நோக்க வேண்டும்? இந்த வினாவுக்கு என்னிடம் முழுமையான விடை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

முடிவில் அச்சிலே ஏறியது ஒரே வரி. சகோதரர் நோயுற்ற காலத்தில் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து அன்போடு பராமரித்தார் என்பதே அது. அந்த வரியிலே பொய்யில்லை. ஆனால், நோயுற்ற தம்பிக்குக் கஞ்சி கொடாத அக்கா எங்கள் ஊரிலே யார்? பேசுகின்ற தம்பிக்குக் கொடுப்பது உலக வழக்கம். தன் பயிரைக் கருகவிட்டான் என்று தான் உறுதியாக நம்பிய தம்பிக்கு, கோபத்தை ஓர் அங்குலமும் விட்டுக்கொடாமலும் கஞ்சியை ஒருநாளுந் தவறவிடாமலும் கொடுத்தாரே, அவரே என் பெரியம்மா. கோபத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறுங் கஞ்சி. லண்டனிலுள்ள பிள்ளைகளிடமிருந்து தந்தையாரின் பிணக்கை மறைத்தவர்கள், வெறுமையாகத் திரும்பாத செம்பையும் கூடவே மறைத்துவிட்டார்கள். கோபம் ஆறியபின் செய்வதற்கு மன்னிப்பு என்று பெயருண்டு. கோபம் ஆறாதிருக்கும்போதே செய்வதற்கு நமது மொழியிலே ஒரு பெயரை நான் இன்னுந் தேடிக்கொண்டிருக்கிறேன். கடமை என்பது அதற்குப் போதாது. கடமைக்கு அனுப்பிய கஞ்சியை யாரும் ஆறவைத்து அனுப்புவதில்லை.

எல்லாக் குறையும் இவ்வகைத்தன்று என்பதையுஞ் சொல்லவேண்டும். கணவனின் கைக்கு அஞ்சி நாற்பது ஆண்டு வாழ்ந்த ஒரு பெண்ணை நான் அறிவேன். அந்தியேட்டியன்று, மனைவி புலம்பல் என்று தம் வாயில் வைத்துப் பாடப்பட்ட விருத்தங்களைப் புலவர் இராகத்தோடு வாசிக்க, அவர் சுவரிலே சாய்ந்திருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்திலே ஒன்றுந் தெரியவில்லை. கோபமும் அன்பும் கலந்த ஒரு வாழ்விலே குறையை மறைத்தால் ஒரு நல்ல கதை இழந்து போகிறது. இங்கேயோ, இறந்தவருக்குச் செய்த உபசாரத்தின் செலவு முழுவதும் உயிரோடிருந்தவர் தலையில் விழுந்தது. அவருடைய சொந்த அழுகையையும் வேறொருவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டோடு நிற்கும் சிறு செய்தி என்று இதனை ஒதுக்குவதற்கில்லை. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, உறுதிகளும் சாதகங்களும் படங்களும் கைவிட்டுப் போன குடும்பங்கள் பல. அத்தகைய சில வீடுகளிலே, பாட்டன் பூட்டன் பெயரை அறிவதற்கு எஞ்சியது எங்கோ ஓர் உறவினர் பெட்டிக்குள் தப்பிக் கிடந்த கல்வெட்டு ஒன்றே. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களோடு இத்தகைய நினைவுமலர்களையும் மின்னூல்களாக்கி வைத்து வருகிறார்கள். இனிவரும் ஆராய்ச்சி மாணவர் நம்மை அறிவதற்கு இவற்றையே புரட்டுவர்.

புரட்டும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வரலாற்றுப் பகுதியில் நெடுநேரம் நில்லாமல் வம்சாவளிக்குச் செல்லுங்கள். அங்கே புகழ்ச்சி கிடையாது. பெயரும், பெயருக்கருகே ஓர் ஊரும் மட்டுமே இருக்கும். பழைய கல்வெட்டுகளிலே அந்த ஊர்கள் கோலாலம்பூர், ஈப்போ என்று இருக்கும். சற்றுப் பிந்தியவற்றிலே கொழும்பு. இப்பொழுது ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ. ஒரு சாதாரண குடும்பத்தின் நான்கு தலைமுறையை அவ்வாறு விரலால் தொட்டுக்கொண்டே வந்தால், நமது மக்கள் எதனைத் தேடிப் போனார்கள், பின்னர் எதற்கு அஞ்சி ஓடினார்கள் என்பது தெரியவரும். சில பெயர்களுக்கு அருகிலே ஊர் இராது. அமரர் என்று மட்டும் இருக்கும். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்தால் இருபத்திரண்டு, பத்தொன்பது என்று வரும். எவ்வாறு இறந்தார் என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதவும் வேண்டியதில்லை, ஆண்டே சொல்லிவிடுகிறது.

எனக்கும் எழுபது கடந்துவிட்டது. என்னுடைய கல்வெட்டை எழுதப்போகிறவர் இப்பொழுது எங்கேயோ வெளிநாட்டிலே வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். ஆகவே, வேண்டிய விவரங்களை முன்கூட்டியே பத்திரப்படுத்தி வைப்பது நல்லதென்று எண்ணி, சென்ற கிழமை என் மனையாளிடம், "என்னைப் பற்றி எழுதேக்கை என்ரை குறையளையும் விடாமற் சொல்லு" என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்:

"எத்தினை பக்கம் தருவினம்?"